சுரங்கக் கம்பனியின் பழைய பங்கு விலையை எப்படி வாசிப்பது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். காலஞ்சென்ற அவருடைய பெரியப்பா பேர்த்தில் வேலை செய்தவர். அவருடைய கடதாசிக் கட்டுக்குள் ஒரு தரகர் பற்றுச்சீட்டு இருந்திருக்கிறது: 2000 டிசம்பர், பி.எச்.பி. என்ற அவுஸ்திரேலியச் சுரங்கக் கம்பனியின் பங்கு 1,000, ஒன்று 19 அவுஸ்திரேலிய டொலர் சொச்சம். அதே நாளின் விலையை இணையத்தில் தேடினால் ஒரு தளம் 9 டொலர் அளவில் காட்டுகிறது. இன்னொரு தளம் அதிலும் எவ்வளவோ குறைவாகக் காட்டுகிறது. "எது உண்மை? பெரியப்பாவிடம் இரட்டை விலை வாங்கிவிட்டார்களா? இப்போதைய விலையைப் பழையதோடு ஒப்பிட்டு, விற்கலாமா வைத்திருக்கலாமா என்று முடிவுசெய்ய முடியுமா?" என்பது கேள்வி.

யாரும் ஏமாற்றவில்லை தம்பி. மூன்று எண்ணும் சரியானவைதான். ஆனால் மூன்றும் மூன்று வேறு கேள்விகளுக்கான பதில். கோட்டையில் ஒரு தரகர் அலுவலகத்தில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பழைய விலையைப் பார்த்துக் குழம்பி வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் சிக்கல் இந்த இடத்தில்தான். அதுவும் சுரங்கக் கம்பனி என்றால் குழப்பம் இன்னும் கூடும். இந்தக் கம்பனிகள் இணையும், பிரியும், பங்கு அச்சடிக்கும், நல்ல காலத்தில் பணத்தை அள்ளிக் கொடுக்கும், கெட்ட காலத்தில் பங்குதாரரிடமே கையேந்தும். ஒவ்வொரு தடவையும் பழைய விலைகள் பின்னோக்கித் திருத்தப்படும்.

பெரியப்பாவின் 1,000 பங்கையே எடுத்துக்கொள்வோம். 2001 நடுப்பகுதியில் பி.எச்.பி. லண்டனிலிருந்த பில்லிட்டன் கம்பனியோடு இணைந்தது. இரு பக்கப் பங்குகளின் பெறுமதியைச் சமப்படுத்துவதற்காக அவுஸ்திரேலியப் பங்குதாரர்களுக்கு ஒவ்வொரு பங்குக்கும் 1.0651 போனஸ் பங்கு கொடுத்தார்கள். ஆக, 1,000 பங்கு 2,065 ஆனது. பணம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, துண்டுகள்தான் கூடின. 19 டொலர் சொச்சத்தை 2.0651 ஆல் வகுத்துப் பாருங்கள், 9 டொலருக்குச் சற்று மேல் வரும். முதலாவது தளம் காட்டுவது இதைத்தான். பெரியப்பா கொடுத்த 19 டொலரும் உண்மை, இந்த 9 டொலரும் உண்மை. பழைய 1,000 பங்கின் கணக்கில் 19, இன்றைய 2,065 பங்கின் கணக்கில் 9.

இரண்டாவது தளத்தின் எண் இன்னொரு படி தாண்டிப் போகிறது. அது பங்கிலாபத்தையும் கழித்த விலை. ஒரு பங்கு 40 டொலருக்கு நிற்கும்போது 2 டொலர் பங்கிலாபம் கொடுத்தால், அந்த நாளுக்கு முந்திய எல்லா விலைகளையும் 0.95 ஆல் பெருக்கிவிடுவார்கள். பி.எச்.பி. வருடத்துக்கு இரண்டு தடவை பங்கிலாபம் கொடுப்பது. இருபது வருடத்துக்கு மேல் இப்படிப் பெருக்கிக்கொண்டே போனால் 9 டொலர் தேய்ந்து சில டொலர்களாகிவிடும். அந்த விலைக்கு அந்த நாளில் எவரும் ஒரு பங்குகூட வாங்கியிருக்க முடியாது. இந்த எண்ணின் பயன் வேறு: கிடைத்த பங்கிலாபத்தையெல்லாம் திரும்ப அதே பங்கில் போட்டிருந்தால் முதல் எத்தனை மடங்காகியிருக்கும் என்பதை ஒரே வகுத்தலில் சொல்லிவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த எண் நிலையாக நிற்பதில்லை. இன்று தரவிறக்கி வைத்த பட்டியலை அடுத்த பங்கிலாபத்துக்குப் பிறகு மறுபடி தரவிறக்கினால் பழைய வரிகள் எல்லாமே கொஞ்சம் மாறியிருக்கும். தளம் பிழைவிட்டுவிட்டது என்று நினைத்து எத்தனையோ பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் விலையைவிட முக்கியமான ஒன்று. அந்த 2,065 பங்கிலிருந்து இடையில் குட்டிகள் பிறந்திருக்கின்றன. 2002-ல் உருக்குத் தொழிலைப் பிரித்தபோது 5 பங்குக்கு 1 என்று கொடுத்தார்கள், அந்தக் கம்பனி பிறகு புளூஸ்கோப் என்று பெயர் மாறியது. உங்கள் பெரியப்பாவுக்கு 413 பங்கு வந்திருக்க வேண்டும். 2015 மே மாதம் சவுத்32 பிரிந்தது, ஒன்றுக்கு ஒன்று, ஆக 2,065 பங்கு. சந்தைக்கு வந்த நாளில் அதன் விலை 2 டொலர் சொச்சம். 2022 ஜூனில் எண்ணெய், எரிவாயுத் தொழிலை வூட்சைட் கம்பனியோடு இணைத்தபோது, 5.534 பி.எச்.பி. பங்குக்கு ஒரு வூட்சைட் பங்கு. அதில் 373 பங்கு. சில நாட்டு முகவரிக்காரர்களுக்குப் பங்கைக் கொடுக்காமல் விற்றுப் பணமாக அனுப்பியிருப்பார்கள். முகவரி மாறியிருந்தால் அந்தப் பணம் வந்து சேராமலே கிடக்கலாம். ஆகவே முதல் வேலையாகப் பி.எச்.பி.யின் பங்குப் பதிவாளரான கம்பியூட்டர்ஷெயருக்கு எழுதுங்கள். மரணச் சான்றிதழும் உரித்துப் பத்திரங்களும் கேட்பார்கள். விலை ஆராய்ச்சியை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் குட்டிகளை ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு விதமாகக் கையாளும். ஒரு தளம் பிரிந்துபோன பங்கின் பெறுமதியைப் பழைய விலைகளிலிருந்து கழிக்கும், இன்னொன்று கழிக்காது. கழிக்காத வரைபில் அந்த நாளில் பங்கு திடீரென்று விழுந்ததுபோல ஒரு பள்ளம் தெரியும். அதில் ஏதோ கெட்ட செய்தியைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். இன்னொரு பங்கு உங்கள் கணக்குக்கு வந்திருக்கும், அவ்வளவுதான்.

உரிமைப் பங்கு வழங்கல், அதாவது இருக்கிற பங்குதாரர்களுக்கே சந்தையைவிடக் குறைந்த விலையில் புதிய பங்கு விற்பது, இன்னொரு வகை. நல்ல உதாரணம் ரியோ டின்ரோ என்ற பெரிய சுரங்கக் கம்பனி. 2007-ல் கனடாவின் அல்கான் அலுமினியக் கம்பனியை ஏறத்தாழ 38 பில்லியன் அமெரிக்க டொலருக்கு வாங்கினார்கள், பெரும்பாலும் கடனில். 2008 மே மாதம் லண்டனில் பங்கு 7,000 பென்ஸைத் தாண்டியிருந்தது. அந்த வருடம் முடிவதற்குள் அதில் ஐந்திலொன்றுகூட மிஞ்சவில்லை. கடன் கழுத்தை நெரிக்க, 2009 ஜூனில் 40 பங்கு வைத்திருந்தவர்களுக்கு 21 புதிய பங்கு, ஒன்று 1,400 பென்ஸ் என்று அறிவித்தார்கள். சந்தை விலையில் கிட்டத்தட்டப் பாதி. அப்போதைய விலையை 2,700 பென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 40 பழைய பங்கு 1,08,000 பென்ஸ், 21 புதிய பங்கு 29,400 பென்ஸ், மொத்தத்தை 61 ஆல் வகுத்தால் ஒரு பங்கு ஏறக்குறைய 2,252. அதாவது பழைய விலைகளையெல்லாம் 0.834 ஆல் பெருக்க வேண்டும். அந்த 7,000 பென்ஸ் உச்சம், திருத்திய வரைபில் 5,840 அளவாகிவிடும். 2008-ல் வந்த பத்திரிகைச் செய்தியையும் இன்றைய வரைபையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகாததன் காரணம் இதுதான்.

சரி, எண்கள் எப்படி வந்தன என்று தெரிந்துவிட்டது. அந்த எண்கள் என்ன சொல்கின்றன என்பதுதான் அடுத்தது. எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான்.

சவர்க்காரக் கம்பனி தன் விலையைத் தானே கூட்டலாம். சுரங்கக் கம்பனியால் முடியாது. தாதுவின் விலையைச் சீனாவின் உருக்காலைகளும் உலகச் சந்தையும் தீர்மானிக்கின்றன. ஆகவே சுரங்கப் பங்கின் வரைபைத் தனியாகப் பார்ப்பதில் பயனில்லை, கீழே தாதுவின் வரைபையும் வைத்துப் பார்க்க வேண்டும். இரும்புத்தாது 2011 பெப்ரவரியில் தொன் ஒன்று 190 அமெரிக்க டொலர் அளவில் நின்றது, 2015 டிசம்பரில் 40-க்குக் கீழே போனது, 2021 மே மாதம் 230-ஐத் தாண்டியது. பி.எச்.பி. பங்கு 2011-ல் அவுஸ்திரேலியாவில் 49 டொலருக்கு மேல், 2016 ஜனவரியில் 15-க்குக் கீழே, 2021-ல் 50-க்கு மேல். ஒன்றின் நிழல் மற்றது.

ஆனால் நிழல் மட்டுமே என்றும் சொல்லிவிட முடியாது. 2016 ஜனவரியின் அந்த 15 டொலரைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். தாது விலை விழுந்தது ஒன்று. மசகு எண்ணெயும் அதே மாதம் 30 டொலருக்குக் கீழே போனது, அப்போது பி.எச்.பி. கையில் பெரிய எண்ணெய்த் தொழில் இருந்தது. சவுத்32 பிரிந்துபோயிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, 2015 நவம்பர் 5 அன்று பிரேசிலில் சமார்க்கோ சுரங்கத்தின் கழிவு அணை உடைந்து 19 பேர் இறந்தார்கள். அது பி.எச்.பி.யும் பிரேசிலின் வாலே சுரங்கக் கம்பனியும் சரிபாதியாக வைத்திருந்த கம்பனி. ஒரே பள்ளத்துக்குள் நான்கு காரணம். அடுத்த மாதமே, 2016 பெப்ரவரியில், பங்கிலாபத்தை ஒருபோதும் குறைக்கமாட்டோம் என்ற பழைய கொள்கையைக் கைவிட்டு 62 சதத்திலிருந்து 16 அமெரிக்க சதத்துக்கு இறக்கினார்கள். வரைபில் பங்கிலாப விளைச்சல் (விலையில் பங்கிலாபம் எத்தனை வீதம் என்பது) அழகாகத் தெரிகிறதே என்று அதற்குச் சில மாதம் முன்பு வாங்கியவர்களின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வாலேக்கு 2019 ஜனவரி 25 அன்று புருமாடின்யோவில் இன்னொரு அணை உடைந்தது. 270 பேர் போனார்கள். அடுத்த வர்த்தக நாளில் பங்கு ஒரே நாளில் நாலிலொரு பங்கு விழுந்தது. இப்படிப்பட்ட இறக்கத்தைத் தாது வரைபில் தேடினால் கிடைக்காது.

நாணயத்தையும் மறக்க வேண்டாம். 2011-ல் ஓர் அவுஸ்திரேலிய டொலர் அமெரிக்க டொலருக்குச் சமமாக, சில மாதங்களில் அதற்கும் மேலாக இருந்தது. 2016 தொடக்கத்தில் அது 70 சதம். எனவே 49-லிருந்து 15-க்கு விழுந்தது சிட்னியில் 70 வீத இறக்கம் என்றால், அமெரிக்க டொலரில் பார்த்தவருக்கு அது 80 வீதத்துக்குக் கிட்ட. தாது விழும்போது அவுஸ்திரேலிய டொலரும் சேர்ந்து விழுவது வழக்கம். அதனால் அங்கத்தைய வரைபு எப்போதும் கொஞ்சம் சாந்தமாகத் தெரியும்.

விலைக்கும் சம்பாத்தியத்துக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்து மலிவு என்று முடிவுகட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சுரங்கப் பங்கில் அந்த விகிதம் மிகக் குறைவாக, ஆசைகாட்டும் அளவில் இருப்பது பெரும்பாலும் உச்சத்தில்தான். தாது விலை உயர்ந்ததால் லாபம் பொங்கியிருக்கும், அது நிலைக்காது என்று சந்தை விலையை அடக்கி வைத்திருக்கும். அடிமட்டத்தில் லாபமே இராது, விகிதம் பயமுறுத்தும்.

இனி தங்கம். செட்டியார் தெருவில் பவுன் விலை கூடினால் தங்கச் சுரங்கப் பங்கும் கூடும் என்று நினைப்பது இயல்பு. பாரிக் கம்பனியை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 செப்டெம்பரில் தங்கம் அவுன்ஸ் 1,900 அமெரிக்க டொலர் அளவில் நின்றபோது நியூயோர்க்கில் பாரிக் பங்கு 50 டொலருக்கு மேல். 2020 ஓகஸ்டில் தங்கம் 2,000-ஐத் தாண்டியது, பாரிக் பங்கு 30 டொலர் அளவில்தான். தங்கம் புதிய உச்சம், பங்கு பழைய உச்சத்தைவிட ஐந்தில் இரண்டு குறைவு. வரைபை மட்டும் பார்த்தவர் இது உருப்படாத கம்பனி என்பார், அல்லது இன்னும் ஏற இடமிருக்கிறது, வாங்கு என்பார். இரண்டு பேருமே ஒரு எண்ணைப் பார்க்கவில்லை. 2011-ல் பாரிக்கின் பங்குகள் ஏறத்தாழ 1 பில்லியன். 2013-ல் கடனை அடைக்க ஒன்று 18.35 டொலருக்குப் புதிய பங்கு விற்று 3 பில்லியன் டொலர் திரட்டினார்கள். 2019 தொடக்கத்தில் ரான்ட்கோல்ட் என்ற இன்னொரு தங்கக் கம்பனியை இணைத்தபோது அதன் விலையைப் பங்காகவே கொடுத்தார்கள். 2020-ல் மொத்தம் ஏறத்தாழ 1.78 பில்லியன் பங்கு. பெருக்கிப் பாருங்கள்: 50 டொலர் தரம் 1 பில்லியன், 50 பில்லியன் டொலர். 30 டொலர் தரம் 1.78 பில்லியன், 53 பில்லியன் டொலர். சந்தை அந்தக் கம்பனிக்குப் போட்ட விலை உண்மையில் குறையவே இல்லை. துண்டுகள் கூடிவிட்டன. இந்த முறை போனஸ் பங்கு போல இலவசத் துண்டுகளும் அல்ல, ஆகவே எந்தத் தளமும் இதற்காகப் பழைய விலையைத் திருத்தித் தராது. நீங்கள்தான் வருடாந்த அறிக்கையைத் திறந்து பங்குகளின் எண்ணிக்கையை ஒவ்வொரு வருடத்துக்கும் எழுதிக்கொள்ள வேண்டும். சுரங்கக் கம்பனி எதுவானாலும் நான் விலைக்கு முன்னால் பார்ப்பது இந்த எண்ணிக்கையைத்தான். பத்து வருடத்தில் அது இரட்டித்திருந்தால் பழைய உச்ச விலை உங்களுக்கு எந்த வாக்குறுதியும் தரவில்லை.

பாரிக்கைப் பற்றிப் பேசும்போதே இன்னொரு பொறி. நியூயோர்க்கில் அதன் குறியீடு 2018 முடியும்வரை ஏ.பி.எக்ஸ், பிறகு ரான்ட்கோல்டிடமிருந்து வந்த 'கோல்ட்', 2025 மே மாதத்திலிருந்து வெறும் 'பி'. 'கோல்ட்' என்று போட்டுப் பழைய தரவை எடுத்தால், 2019-க்கு முந்தியது ரான்ட்கோல்டின் விலையாக இருக்கக்கூடும். குறியீட்டை நம்பாதீர்கள், கம்பனிப் பெயரையும் திகதியையும் சரிபாருங்கள். லண்டன் விலை பென்ஸில் வரும், பவுணில் அல்ல. நியூயோர்க்கில் விற்கும் பி.எச்.பி. வைப்புச் சான்று (வெளிநாட்டுப் பங்குக்குப் பதிலாக அங்கே கைமாறும் பத்திரம்) ஒன்றுக்குள் இரண்டு சாதாரணப் பங்கு இருக்கிறது, ஆகவே ஒரே நாணயத்துக்கு மாற்றிப் பார்த்தால் அது சிட்னி விலையைப்போல இரட்டிப்பாகத் தெரிவது இயல்பு.

சின்னக் கம்பனிகளில் கதை இன்னும் மோசம். மன்னார்த் தீவின் இல்மனைற் மணலைக் குறிவைத்திருக்கும் டைட்டானியம் சான்ட்ஸ் அவுஸ்திரேலியப் பங்குச் சந்தையில் இருக்கிறது. மன்னார் சனங்களின் எதிர்ப்பைப் பற்றி எனக்குத் தெளிவான கருத்து உண்டு, அது வேறொரு நாளைக்கு. இப்படி இன்னும் எதையும் தோண்டி விற்காத கம்பனிக்கு வருமானம் கிடையாது. செலவுக்குப் புதிய பங்கு விற்பதுதான் வழி. விலை சதத்தின் சின்னப் பின்னங்களுக்கு வந்ததும் பத்துப் பங்கை ஒன்றாக ஒட்டிவிடுவது இந்த வகைக் கம்பனிகளின் வழக்கம். ஒட்டியவுடன் வரைபில் பழைய விலைகள் பத்து மடங்காகிவிடும். 3 சதத்துக்கு விற்ற பங்கு ஒருகாலத்தில் 30 சதம் விற்றதாகத் தெரியும். இவற்றின் ஏற்றமும் இறக்கமும் அனுமதிப் பத்திரம், துளையிடல் முடிவு, அரசாங்கத்தின் மனநிலை ஆகியவற்றையே பின்தொடரும், தாது விலையை அல்ல. 1969 செப்டெம்பரில் 80 சதம் விற்ற அவுஸ்திரேலிய நிக்கல் கம்பனி பொசைடன், ஒரு துளையிடல் செய்தியில் ஏறத் தொடங்கி 1970 பெப்ரவரியில் 280 டொலருக்குப் போய், சில வருடத்தில் சந்தையிலிருந்தே காணாமற்போனது. அப்படிக் காணாமற்போனவை இன்றைய இலவசத் தளங்கள் பலவற்றில் இருக்காது. மிஞ்சியவற்றின் வரைபுகளை மட்டும் பார்த்துவிட்டு, சுரங்கப் பங்கு எப்படியும் ஒருநாள் மீளும் என்ற முடிவுக்கு வராதீர்கள்.

கடைசியாக நம்முடைய ரூபாய். 2022 மார்ச்சில் அமெரிக்க டொலர் 200 ரூபாய்ச் சுற்றிலிருந்து இரண்டு மாதத்துக்குள் 360 வரை போனது. அந்த வருடத்தில் எந்த வெளிநாட்டுப் பங்கை ரூபாயில் கணக்கிட்டாலும், அந்தப் பங்கு அசையாமலே நின்றிருந்தாலும், 80 வீதம் ஏறியதாகத் தெரியும். ஆகவே முதலில் அந்தந்த நாட்டு நாணயத்தில் வாசியுங்கள். ரூபாய்க்கு மாற்றுவதைக் கடைசிப் படியாக வைத்திருங்கள், அதுவும் அந்தந்த நாளின் மாற்று வீதத்தில். இன்றைய வீதத்தால் 2011 விலையைப் பெருக்கிவிட்டு "பார், எவ்வளவு நட்டம்" என்று அழுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கொழும்புச் சந்தையிலேயே பழகிப் பார்க்க விரும்பினால் கேகாலைப் பக்கம் காரீயம் எடுக்கும் போகல கிராஃபைட் லங்கா இருக்கிறது. புல்மோட்டை மணலும் கஹட்டகஹ சுரங்கமும் அரசாங்கத்திடம், அவற்றுக்குப் பங்கு விலை கிடையாது. போகலயின் காரீயம் ஏற்றுமதியாகி டொலரில் வருமானம் தருகிறது, கூலியும் செலவும் பெரும்பாலும் ரூபாயில். ரூபாய் விழுந்தால் லாபம் ஏறுவது இயல்பு, ஆகவே அதன் விலையை மேலே சொன்ன டொலர் வீதத்தோடு சேர்த்துப் பாருங்கள். பெரும்பான்மைப் பங்கு ஜெர்மன் தாய்க் கம்பனியிடம் இருப்பதால் கையில் புழங்குவது கொஞ்சம். இப்படிப்பட்ட பங்கில் சில நாள் வியாபாரமே நடக்காது, பட்டியலில் முந்திய நாளின் விலையே திரும்ப நிற்கும். சில நாள் சின்னக் கட்டளை ஒன்றே விலையைத் தூக்கிவிடும். 2020 மார்ச் 20 முதல் மே 11 வரையும், 2022 ஏப்ரலில் ஒரு வாரமும் சந்தையே மூடியிருந்தது, அந்த இடத்தில் வரைபு நேர்கோட்டில் தாண்டிப்போவதைப் பார்த்து அமைதியான காலம் என்று எண்ண வேண்டாம். விலை நிரலுக்குப் பக்கத்தில் கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை நிரல் ஒன்று இருக்கும். நூறு, இருநூறு பங்கு கைமாறிய நாட்களின் உச்சத்தையும் அடிமட்டத்தையும் பென்சிலால் அடித்துவிட்டு மீதியை மட்டும் வாசியுங்கள்.